ஏழாம் வரிசைக் கைப்பிடி

உச்சி வெயில் நேரம்... ஓடுபாதையைச் சுற்றிப் போகிற தார்ச்சாலை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓர் ஆள் கிடையாது, ஒரு நாய் கிடையாது. அதில் ஒருத்தி தனியாக நடந்து போகிறாள்.

சிரிக்காதே ஸ்ரீதேவி. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று சட்டமா? உச்சிப் பொழுதில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று உன் வீட்டில் சொன்னதில்லையா? இருட்டுதான் வேண்டுமென்றால் இந்த மொட்டை மாடியே போதும். அஸ்தம்பட்டி முழுக்கக் கரண்ட் இல்லை. போர்வையை ஆளுக்குக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள்.

நடந்து போனவள் தனப்பிரியா. என்னோடு வேலை பார்க்கும் ஜோதிக்குச் சித்தி மகள், மல்லசமுத்திரத்துக்காரி, விமான இன்ஜினியர். ஜோதி இதைச் சொன்னபோது பட்டப்பகல், கேன்டீனில் எதிரே சூடாக இட்லி. அப்படியும் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

தனப்பிரியா பார்ப்பது பழைய விமானங்களை. ஆமாம், விமானத்திலும் செகண்ட் ஹேண்ட் உண்டு. புதிதுக்குச் சொல்லி வைத்தால் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டும். சின்னக் கம்பெனிகளுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. எங்கோ ஒரு நாட்டில் எவனோ ஓட்டிக் கழித்ததை எடுத்து வந்து, கொட்டகையில் நிறுத்தி, சீட்டையெல்லாம் கழற்றி, ஒவ்வொரு சாமானுக்கும் என்ன வயசு என்று பார்ப்பார்கள். பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் எழுதுவார்கள். நம் ஊரில் லாரி வாங்கி ஆர்.சி. மாற்றுகிறோமே, அதேதான்.

லாரி அவளுக்குப் புதிதில்லை. அவள் அப்பா தனபால் பழைய லாரி வாங்கி ஓட்டுகிறவர். வாங்கப் போனால் இன்ஜின் பக்கமே முதலில் போகமாட்டார். கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, எதிரே உள்ள கைப்பிடியைத் தடவுவார். டிரைவர் கண்டபடி ஓட்டியிருந்தால் பக்கத்தில் இருந்தவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைப் பிடித்திருப்பான் அல்லவா, அது தேய்ந்திருக்கும். "இஞ்சின தொடச்சு வெச்சு ஏமாத்திப் போடுவாங்க சாமி. கைப்பிடிய எவனும் தொடைக்க மாட்டான்" என்பார் மகளிடம். அவளை அவர் கூப்பிடுவதே சாமி என்றுதான்.

மகளும் அதையே பழகிக்கொண்டாள். எந்தப் பழைய விமானம் வந்தாலும் முதலில் ஒவ்வொரு சீட்டின் கைப்பிடியையும் தடவிப் பார்ப்பாள். கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவாள்.

அந்த விமானம் விசிறி வைத்த சின்ன விமானம். கைப்பிடிகள் பழசாக இருந்தன, அவ்வளவுதான். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாம்பல் நிற ரெக்சின் தைத்ததைப் புதிதாக மாட்டினார்கள்.

மறுநாள் உச்சியில்தான் அவள் அந்தச் சாலையில் நடந்து வந்தாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கொட்டகைக்குள் தகரம் மட்டும் வெயிலில் டிக்... டிக்... என்று விரிந்துகொண்டிருந்தது. படியில் கால் வைத்தாள்.

உள்ளே இன்னொரு சத்தம்.

கிர்ர்க்... கிர்ர்க்...

ரெக்சினை நகத்தால் சுரண்டுகிற சத்தம். ஏறிப் பார்த்தாள். யாருமில்லை. புதுப் பசை வாடை. அதற்குள்ளே இன்னொரு வாடை... பஸ் கம்பியை வெகுநேரம் பிடித்து வேர்த்த உள்ளங்கை வாடை.

ஏழாம் வரிசை, ஜன்னல் சீட்டு. அதன் வலது கைப்பிடியில் விரல் விரலாகப் பள்ளம். நேற்று மாட்டிய கைப்பிடி அது!

மாற்றினாள். அடுத்த உச்சிக்கு மறுபடி பள்ளம். திரும்பவும் மாற்றினாள், திரும்பவும் வந்தது. பெரிய அதிகாரி சிவபிரகாஷ், முன்பு அந்த விமானத்தை ஓட்டிய கம்பெனியிடமே கேட்டுப் பார்த்தார். அந்த விமானத்தில் யாரும் சாகவில்லை. ஒரு பெரிய குலுக்கல்கூடக் கிடையாது.

"அந்தச் சீட்டை மட்டும் காலியா விட்டுடலாம்மா" என்றார் அவர்.

"ஏனுங்க சார், அது டிக்கெட் எடுத்துருக்குதா?" என்று கேட்டாள் தனப்பிரியா. அவள் வாய் அப்படி.

ஆனால் மனசு கேட்கவில்லை. கழற்றிப் போட்ட ஒரு கைப்பிடியைப் பையில் வைத்து ஊருக்கு எடுத்துப் போனாள். அப்பாவிடம் கொடுத்தாள். "பாருங்கப்பா" என்றாள், அவ்வளவுதான்.

தனபால் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஒவ்வொரு பள்ளமாக. சுண்டுவிரல் பள்ளத்தில் அவர் கை நின்றுவிட்டது. அது நேராக இல்லை, வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"உங் கையக் குடு சாமி."

அவளுடைய வலக்கையை எடுத்து அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தார்... அச்சாகப் பொருந்தியது. சின்ன வயசில் லாரிக் கதவில் நசுங்கி வளைந்துபோன அந்தச் சுண்டுவிரல் உட்பட. அந்த விரலுக்குக் கட்டுப் போட்டுத் தோளில் தூக்கிச் சுமந்தவர் அவர். அவருக்குத் தெரியாதா!

"முந்தி புடிச்சவன் கைதான் இருக்கும்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். இது இனிமே புடிக்கப்போற கை சாமி" என்றார்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். சரி என்று கையெழுத்துப் போட்டவர்கள், ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை அதில் பறந்து காட்டவேண்டும். சேலத்துக்கு வந்து திரும்பவேண்டும்.

"ஏற வேண்டாஞ் சாமி. வேல போனா போவுது. லாரி ஓட்டிக் கஞ்சி ஊத்தறேன் நானு" என்று அழுதார் தனபால். அந்த மனுசன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

அவளுக்கும் பயம்தான். ஆனால் பயத்துக்கு மேலே ஒரு கோபம் வந்தது.

"இஞ்சின்ல குத்தமில்லீங்கப்பா. றெக்கைல குத்தமில்ல. ஒவ்வொரு ஆணியும் நானே பாத்தேன். நான் சரின்னு சொன்ன வண்டீல நானே ஏறலீன்னா, மத்தவங்கள எந்த மூஞ்சிய வெச்சிட்டு ஏத்தறதுங்க? எனக்கு முந்தி எங் கை பயந்துக்குமா? அதையுந்தான் பாத்துப்போடறேன்."

ஏறினாள். ஏறி, அந்த ஏழாம் வரிசை ஜன்னல் சீட்டிலேயே உட்கார்ந்தாள். புதுக் கைப்பிடி, பளபளவென்று. பெல்ட்டைப் போட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நல்ல உச்சி. சேர்வராயன் மலையைத் தாண்டியதும் விமானம் விழுந்தது... கல் விழுகிற மாதிரி. தண்ணீர் பாட்டில் கூரையில் மோதியது. முன்னால் இருந்த சிவபிரகாஷ் முருகா முருகா என்று கத்தினார். உடம்பில் உள்ள அத்தனை நரம்பும் எதையாவது பிடி, பிடி என்று துடித்தது. அவள் கைகள் தொடைக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருந்தன.

பக்கத்தில்...

கிர்ர்க்... கிர்ர்க்...

அவள் தலையைத் திருப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நீ வேணும்னா புடிச்சுக்க. நான் புடிக்கறதா இல்ல."

சத்தம் நின்றது. விமானமும் நிமிர்ந்தது. கீழே சேலம். இறங்கி, உருண்டு, நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மெதுவாகக் குனிந்து கைப்பிடியைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, சாம்பல் நிறத்தில் அப்படியே புத்தம் புதிதாக இருந்தது.

ஜெயித்துவிட்டாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள். சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனாள். குழாயைத் திறந்தாள். வலக்கை நகங்களுக்கு அடியில் என்னவோ உறுத்தியது. ஐந்து விரலிலும்.

ரெக்சின் துணுக்கு. பச்சை ரெக்சின்.

அந்த விமானத்தில் பச்சை என்று ஒரு நூல்கூடக் கிடையாது. ஊக்கை எடுத்து ஒவ்வொரு நகமாக நோண்டிக் கழுவினாள். கழுவிவிட்டு அதே விமானத்தில், அதே சீட்டில் திரும்பிப் போனாள். அது இப்போதும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

போன மாசம் கம்பெனி இன்னொரு பழைய விமானம் எடுத்தது. வேறு நாடு, வேறு முதலாளி. உச்சி நேரத்தில் வந்து இறங்கியது. கதவைத் திறந்தார்கள். அடைத்துக் கிடந்த சூடு வெளியே அடித்தது. சிவபிரகாஷ்தான் முதலில் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கி இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பச்சைத் துணுக்கு விஷயத்தை அவரிடம் மட்டும் அவள் சொல்லியிருந்தாள்.

"முன்னாடியிலேர்ந்து பின்னாடி வரைக்கும் சீட்டு, கைப்பிடி எல்லாம் பச்சைதாம்மா. நீ வேண்டாம். வேற ஆளை அனுப்பறேன்."

"வழிய உடுங்க சார்" என்றாள் தனப்பிரியா.

தனியாகத்தான் படியேறினாள். இரண்டு கைகளும் பேன்ட் பைக்குள் இருந்தன. அவள் இன்னும் பாதிப் படிகூட ஏறவில்லை... உள்ளே சுரண்டும் சத்தம் ஆரம்பித்துவிட்டது.