ரெண்டு ஜன்னலுக்கு ஒரே தட்டு

புது மெஷினை வாங்கிக்கிட்டு வேனுக்கு ஓடப் பார்க்கிற பால்காரத் தாய்மாரே, கொஞ்சம் உட்காருங்க. ஒரு பொடிக் கதை இருக்கு... கேட்டுட்டுப் போங்க.

எங்க ஊர் பால் சொசைட்டியில பூங்காவனம்னு ஒருத்தி. எருமைப் பால் ஊத்தறவ. விரலை விட்டு எடுத்தா விரல் வெள்ளையாத்தான் வெளிய வரும்... அப்படிக் கெட்டி. ஒரு நாள் காலையில பாலைச் சோதிக்கிற மெஷின் சீட்டு அடிக்குது, பால்ல தண்ணின்னு!

செயலாளர் தணிகாசலம் விடுவாரா? அத்தனை பேர் நடுவுல கத்தினார். "பூங்காவனம் தண்ணி கலக்குறா! இன்னொரு தடவை இப்படி வந்தா உன் பாலே வேணாம்!"

அந்த ஒத்தை எருமையை விட்டா அவளுக்கு வேற பிழைப்பு ஏது?

மெஷினைப் பார்க்க ரோஸ்லின்னு ஒரு இஞ்சினியர் பொண்ணு வந்துச்சு. மத்தியானம், ஆளில்லாத கொட்டாய். பூங்காவனம் பாலை ஊத்தினா. கெட்டி. மறுபடி ஊத்தினா... அப்பவும் கெட்டி.

"மெஷின்ல தப்பே இல்லக்கா."

"அப்போ தப்பு என் மேலயா? ஏம்மா, திட்டறது ஊரைக் கூட்டி, சோதிக்கிறது ஒளிஞ்சுக்கிட்டா? காலையில கூட்டத்துல வெச்சுப் பாரு!"

ரோசத்துல கேட்டா. அந்த ரோசம்தான் திருடனைப் பிடிச்சுக் கொடுத்துச்சு!

மறுநாள் காலையில கூட்டத்துல நின்னு ரோஸ்லின் பார்த்துச்சு. பால் ஊத்த ரெண்டு ஜன்னல், ரெண்டு மெஷின், நடுவுல ஒரே கம்ப்யூட்டர். மெஷின் சொல்றதை வாங்கிக் கம்ப்யூட்டர்கிட்ட சேர்க்கிற புரோகிராமுக்கு டிரைவர்னு பேராம். அந்த டிரைவர், நம்பரை வாங்கி வைக்க ஒரே தட்டுதான் வெச்சிருந்தான். பூங்காவனத்தோட நம்பர் தட்டுல விழுது... சீட்டு அடிக்கிறதுக்குள்ள பக்கத்து ஜன்னல்ல ஊத்தின நீர்த்த பசும்பால் நம்பர் அது மேலயே விழுது! யார் சீட்டுல யார் பால்?

"இவ்வளவுதானா? தட்டு காலியான்னு பார்த்துட்டு வைன்னு எழுதிடறேன்"னுச்சு ரோஸ்லின். எழுதிச்சு. மறுநாளும் அதே கூத்து! ஏன்? டிரைவர் ரெண்டு மெஷினுக்காகவும் ஒரே நேரத்துல தட்டை எட்டிப் பார்த்தாச்சு. ரெண்டுக்குமே காலி. ரெண்டு நம்பரையும் வெச்சாச்சு!

அப்புறம்தான் தலையில அடிச்சுக்கிட்டு அந்தத் தட்டுக்குப் புரோகிராம்லயே ஒரு தாழ்ப்பாள் போட்டுச்சு அந்தப் பொண்ணு. பார்க்கிறதும் பூட்டறதும் ஒரே அசைவு... நடுவுல ஈ நுழையக் கூடாது. சீட்டு வெளிய வந்தாத்தான் தாழ் திறக்கும். அன்னிலேருந்து பூங்காவனத்துக்குக் கெட்டிச் சீட்டுதான்.

தணிகாசலமும் மன்னிப்புக் கேட்டார். எங்கே? மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால... காதுல. அதை அவ மறந்துட்டா. நான் மறக்கல.

இப்போ உங்களுக்குச் சொல்றேன். தனியா ஊத்திப் பார்த்துட்டு "மெஷின் நல்லாருக்கு"ன்னு தலையாட்டாதீங்க. தனியா இருக்கிற வரைக்கும் எல்லாமே ஒழுங்குதான்... என் மூத்த மருமக உள்பட! ரெண்டு ஜன்னல்லயும் ஒரே நேரத்துல ஊத்துங்க. தப்பு வந்தா, அந்த நேரத்துல இன்னொரு கையும் உள்ள இருந்துச்சான்னு முதல்ல கேளுங்க. அதுக்கப்புறம் ஒருத்தி மேல பழி போடலாம். போட்ட பழி பொய்யாப் போச்சா? எத்தனை பேர் முன்னாடி போட்டீங்களோ, அத்தனை பேர் முன்னாடியும் எடுங்க.

மேடையில இருக்கிற தணிகாசலம் அய்யா, கழுத்து மாலையை அப்புறம் சரி பண்ணலாம். பூங்காவனம் அதோ கடைசி வரிசையில இருக்கா... எழுந்திருங்க.