கண்ணாடி வியாபாரி

— தலைய ஆட்டாத. அப்புறம் காது போச்சுன்னு என்னைச் சொல்லக் கூடாது.

— நான் எங்க ஆட்டினேன்? உங்க கத்திரிதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. சரக் சரக்குன்னு சத்தம் வருது, ஒரு முடி கீழ விழக் காணோம்.

— தொழில் பழக்கம்.

— கஸ்டமர் உக்காந்தா இந்தப் பழக்கத்தக் காணோமே. மனசுல எதையாவது பூட்டி வச்சாதான் நீங்க காத்துக்கு முடி வெட்டுவீங்க. கடையக் காலி பண்ணுங்கன்னு கட்டடக்காரர் சொன்னாரே, அன்னைக்குப் பூரா இப்படித்தான் வெட்டினீங்க.

— பூட்டும் இல்ல, சாவியும் இல்ல. எவ்வளவு எடுக்கணும்?

— அரை சாண். கொண்டை வலைக்குள்ள அடங்கணும். ஒரு முடி வெளிய நீட்டினாலும் எங்க வகுப்பு மேடம் ரிசப்ஷன்ல நிக்க விடமாட்டாங்க.

— விடாட்டி நல்லதாப் போச்சு.

— என்ன சொன்னீங்க?

— தண்ணி தெளிக்கவான்னு கேட்டேன்.

— ம்... தெளிங்க. நாலு மணிக்குள்ள மேடத்துக்குப் பதில் சொல்லணும், தெரியும்ல? கடலோர ஓட்டல்ல ஆறு மாசப் பயிற்சி. வகுப்புல மூணு பேருக்குத்தான் கெடச்சிருக்கு. மத்த ரெண்டும் இருபது வயசுப் பிள்ளைங்க. என்னை ஆன்ட்டின்னு கூப்பிடுதுங்க. போகவா, வேண்டாமா?

— யோசிச்சிட்டு இருக்கேன்.

— மூணு நாளாவா? சேருன்னு அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்ததே நீங்கதான். என் பொண்டாட்டி ஓட்டல் நிர்வாகம் படிக்கிறா, யுனிவர்சிட்டியில படிக்கிறான்னு, சோப்பு நுரையோட உக்காந்திருக்கிற ஆள்கிட்ட எல்லாம் சொன்னீங்க. பாவம், வாயத் திறக்க முடியாம அவங்களும் தலையாட்டினாங்க. போன வாரம் வரைக்கும் சக்கரம் வச்ச பெட்டி வாங்கலாம்னீங்க. நடுவுல என்ன வந்துச்சு?

— ஒரு ஆள் வந்தாரு.

— எங்க?

— இங்கதான், கடைக்கு. கண்ணாடி வியாபாரி. உங்க யுனிவர்சிட்டிக்காரங்க படிக்கிற பிள்ளைங்கள வச்சு பத்து ரூம் போட்டு ஓட்டல் நடத்துறாங்கல்ல, அங்க போன் பண்ணாராம். ரூம் இருக்கான்னு கேக்க. ரிசப்ஷன்ல ஒரு பொம்பள எடுத்துச்சாம். என்ன பேச்சு, என்ன சிரிப்புன்னு... முடி வெட்டி முடிக்கிற வரைக்கும் அதே பேச்சு.

— ஓ... அவரா.

— ஞாபகம் இருக்கா?

— மறக்குற ஆளா அது?

— அப்படியா. கொஞ்சம் குனி.

— காத்து, காத்து. முடி இங்க இருக்கு.

— ஒரு நாளைக்கு எத்தனையோ போன் வருது. இது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?

— அது ஒரு மாதிரி குரல்ங்க. ஆழமா... பொறுமையா...

— ஆழமா? மூக்கடைச்ச குரல் அது. வாயில துணிய வச்சிப் பேசுற மாதிரி.

— உங்ககிட்ட பேசும்போது சளி பிடிச்சிருக்கும். ஆளு எப்படி? உயரமா இருப்பாரோ?

— உயரமாவது. தொந்தியும் தொப்பையும். முழு வழுக்கை.

— வழுக்கையா? அப்ப உங்க கடையில எதை வெட்டிக்கிட்டாரு?

— ... தாடி.

— முடின்னு சொன்னீங்க.

— தாடியும் முடிதானே? நேரா உக்காரு. குனி.

— நேரா உக்காரவா, குனியவா?

— ரெண்டும். இங்க பாரு, சிரிக்காத. இந்தச் சிரிப்பத்தான் நானும் கேக்குறேன். அறிமுகம் இல்லாத ஒருத்தன்கிட்ட எதுக்கு அப்படிச் சிரிக்கணும்?

— சிரிச்சிட்டுதான் போன் எடுக்கணும், அது பாடம். முகத்துல இருக்கிற சிரிப்பு குரல்லயும் தெரியுமாம். அதுக்குத்தான் போன் பக்கத்துல ஒரு சின்னக் கண்ணாடி வச்சிருக்கோம். உங்க கடையில இருந்து நீங்க துடைச்சு எடுத்துக் கொடுத்ததுதானே? மேடம் கூட நல்லா இருக்குன்னாங்க.

— கொடுத்த என் கையச் சொல்லணும். அது பாடச் சிரிப்புன்னா ஒரு சின்னச் சிரிப்போட நிக்கணும். நீ அடக்க முடியாமச் சிரிச்சிருக்க. நடுவுல பேச்சே வரலையாம். ரெண்டு தடவை மன்னிச்சிக்கோங்க மன்னிச்சிக்கோங்கன்னு சொல்லி மறுபடியும் சிரிச்சியாம்.

— அவ்வளவு விவரமாவா சொன்னாரு? தாடி வெட்டும்போது வாயத் திறந்தா வெட்டுப்படாதா?

— என் கையில வெட்டுப்படாது.

— வேற என்ன சொன்னாரு?

— தலையணை மெத்துன்னு வேணுமா, கெட்டியா வேணுமான்னு கேட்டியாம்.

— எல்லாரையும் கேக்குறதுதான். எழுதி வச்சுக் கேப்போம்.

— கழுத்து வலி இருக்கான்னு கேட்டியாம். அதுவும் எழுதி வச்சிருக்காங்களா? வெளிச்சம் பட்டா தூக்கம் வருமான்னு கேட்டியாம். நீங்க வர்ற அன்னைக்கு நானே இருந்து பாத்துக்கிறேன்னியாம். என் கழுத்தப் பத்தி நீ என்னைக்காவது கேட்டிருக்கியா? நாள் முழுக்க நின்னுக்கிட்டே, குனிஞ்சுக்கிட்டே வேலை பாக்குறவன் நான். உக்காந்து கண்ணாடி விக்கிறவன் கழுத்து உனக்குப் பெரிசாப் போச்சு.

— உங்களுக்கு வயிறு எரியுது. வாடை இங்க வரைக்கும் வருது.

— எரியல.

— சரி, புகையுது.

— தம்பி... கடை இருக்கா? கதவு பாதி திறந்திருந்துச்சு...

— அடடே, பெரியவரா, வாங்க வாங்க. இன்னைக்கு லீவு விட்டுட்டேனே. வீட்டம்மாவுக்கு முடி கொஞ்சம்... நீங்க எதுக்கு வெயில்ல நடந்து வந்தீங்க? முட்டி வலி எப்படி இருக்கு?

— இருக்குப்பா, அது என்னை விட்டு எங்க போகும். ஷேவிங்தான், அவசரம் இல்ல.

— நாளைக்குக் காலையில நீங்கதான் முதல் ஆளு. வேற யாரையும் நாற்காலியில ஏத்த மாட்டேன். சுடுதண்ணி வச்சுத் தயாரா இருக்கேன். பாத்து... அந்தப் படி ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. மெதுவா...

— வரேன்மா.

— போயிட்டு வாங்க ஐயா.

— ... என்ன அப்படிக் கண்ணாடியில பாக்குற?

— ஒண்ணும் இல்ல. நீங்க வர்ற அன்னைக்கு நானே இருந்து பாத்துக்கிறேன்னு நான் சொன்னா தப்பு. முட்டி வலிய விசாரிச்சு, சுடுதண்ணி வச்சு, ஊரார் தாடையப் பிடிச்சு இப்படித் திருப்பி அப்படித் திருப்பிக் கொஞ்சுறவரு சொன்னா தொழில்.

— அவருக்கு எழுபது வயசு.

— அந்த மூலை வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன வயசு? அன்னைக்கு அவரு கிருதாவப் பாத்து, உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குன்னீங்க. என் கொண்டையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா?

— உன்கிட்ட எதுக்கு அதெல்லாம் சொல்லணும்...

— ம். அதேதான். கஸ்டமரைக் கேட்டாத்தான் தெரியும், அதனால கேக்குறோம். உங்களுக்கு மெத்துன்னு இருந்தா ஆகாது. கெட்டித் தலையணை, அதுக்கு மேல ஈரம் காஞ்ச துண்டு, ரெண்டா மடிச்சு, மடிப்பு கழுத்துப் பக்கம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான்தான் மடிச்சு வைக்கிறேன். ஒரு நாளாவது உங்களைக் கேட்டா மடிச்சேன்? என்ன, கத்திரிச் சத்தத்தையே காணோம்?

— துண்டு தானா மடிஞ்சு கிடக்குதுன்னு நெனச்சிட்டேன்.

— நெனப்பீங்க. நான் ஊருக்குப் போனா தெரியும்.

— அதான்... அதான் பயம். நீ போய் அங்க நாலு விதமான ஆளுங்களப் பாப்ப. கோட்டு போட்டவன், வாசனை அடிச்சுக்கிட்டு வர்றவன். எல்லார்கிட்டயும் அந்தக் குரல்ல பேசுவ. ஆறு மாசம் கழிச்சு வந்து என்னைப் பாத்தா... ஷேவிங் க்ரீம் வாடையோட ஒருத்தன்.

— எனக்கு அந்த வாடை பிடிக்கும்னு உங்களுக்குச் சொல்லவே இல்லையா?

— நீ எங்க சொன்ன? என்னை நீ எதுவும் கேக்குறதும் இல்ல, சொல்றதும் இல்ல. அந்த ஆளுகிட்டதான் எல்லாம்.

— இன்னும் அந்த ஆளை விடலையா நீங்க?

— விட்டாச்சு. முடிஞ்சிடுச்சு, பின்னாடி கண்ணாடி காட்டுறேன், பாரு. ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும்.

— இருக்கட்டும். கொண்டை போட்டா தெரியாது.

— ... போன் எடு.

— எதுக்கு?

— மேடத்துக்குச் சொல்லு. வரேன்னு சொல்லு. மணி மூணேமுக்கால் ஆகுது.

— மனசார சொல்றீங்களா? அப்புறம் பஸ் ஏறுறப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது.

— மூஞ்சி என்னோடது, அது எப்படி இருந்தா உனக்கென்ன. நீ போ. நான் துண்டு மடிக்கக் கத்துக்கிறேன். ஆனா ஒண்ணே ஒண்ணு...

— சொல்லுங்க.

— அந்தக் கண்ணாடி வியாபாரி... அங்கயும் நம்பர் கண்டுபிடிச்சுப் போன் பண்ணா என்ன செய்வ?

— தாராளமா பண்ணச் சொல்லுங்க, நம்பர் நானே எழுதித் தரேன். பேசும்போது வாயில துணி மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க, மூச்சு முட்டுது. கத்திரிய மட்டும் கீழ வைக்கச் சொல்லிடாதீங்க... அன்னைக்கு ஹலோன்னு சொல்றதுக்கு முன்னாடியே அது காத்துல வெட்ட ஆரம்பிச்சிடுச்சு, நான் அதைக் கேட்டுத்தான் அப்படிச் சிரிச்சேன்.