காப்பித்தூள் நிற டயல்

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. நீலசந்திராவில் என் வீட்டுக்குக் கீழேயே ஒரு பேக்கரி இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக மாடியில் குடியிருக்கிறேன். அன்றைக்கு முன்னால் அங்கே எதுவும் வாங்கியதாக நினைவில்லை. அதனாலேயே கடைக்காரர் என்னை ஞாபகம் வைத்திருப்பார். நீங்கள் அவரைப் போய்க் கேட்க வேண்டியதில்லை, சின்னப்பா சார். நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பச்சைமுத்து. சொந்த ஊர் வாணியம்பாடி. பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பில் ஆபரேஷன் ஆனவர்கள், இவர்கள் வீட்டுக்கே போய்க் கை காலுக்குப் பயிற்சி கொடுப்பேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடிப்பதில்லை. எனக்கிருக்கிற ஒரே ஆசை பழைய கைக்கடிகாரங்கள். அதிலும் ராணுவ விமானிகள் கட்டியவை மட்டும். மொத்தம் நான்கு வைத்திருக்கிறேன்.

சாதாரணக் கடிகாரம் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதா என்று சொல்லும். விமானியின் கடிகாரம் அப்படியில்லை. எரிபொருள் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும், எப்போது திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஒரு பார்வையில் தெரிவதற்காக எண்கள் பெரிதாக இருக்கும். கையுறையோடு சாவி கொடுக்க வேண்டுமென்று பக்கத்துத் திருகைத் தடிமனாகச் செய்திருப்பார்கள். சேகரிக்கிறவர்களுக்கு ஒரு ஒழுக்கம் உண்டு. கீறலைத் தேய்க்கக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது. டயலைத் தொடவே கூடாது. டயல்தான் முகம். முகத்தை மாற்றிவிட்டால் அது வேறு ஆள்.

போன வருஷம் ஜூனில் லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். விங் கமாண்டர் டிரேவர், விமானப்படையில் ஓய்வு பெற்றவர், வயது எண்பத்தொன்று. பக்கவாதத்தில் இடது கை முழுவதும் போய்விட்டது. பேச்சு போகவில்லை, ஆனால் விழுங்குவதில் சிரமம் தங்கிவிட்டது. மகள் அல்போன்சாவுக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, காலை ஏழு மணிக்கே கம்பெனி பஸ் பிடித்துவிடுவார். பகலில் பார்த்துக்கொள்ள ஆஞ்சலா என்ற பெண்ணை வைத்திருந்தார்கள்.

கடிகாரம் அந்தச் செயலிழந்த கையில்தான் இருந்தது. அவரால் அதைத் தூக்க முடியாது. நான்தான் தூக்குவேன். தினமும் முப்பது தடவை அது என் கண்ணுக்கு நேரே வந்து போகும். கறுப்பாக இருந்த டயல் காக்பிட்டில் வருஷக்கணக்காக வெயில் பட்டு, நல்ல காப்பித்தூள் நிறத்துக்கு மாறியிருந்தது. ஓரத்தில் அடர்த்தி, நடுவில் வெளிர். இப்படி மாறுவது ஆயிரத்தில் ஒன்றுக்கு நடந்தால் அதிசயம். மனிதன் எவனாலும் செய்து கொடுக்க முடியாது. நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

விற்பீர்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் நோயாளிக்கும் எனக்கும் நடுவே ஒரு அசிங்கம் வந்துவிடும். அவரால் ஒற்றைக் கையால் சாவி கொடுக்க முடியாததால் தினமும் நானே கொடுத்தேன். அந்தத் திருகு என் விரலுக்குப் பழகிவிட்டது. காத்திருக்கலாம் என்று நினைத்தேன். அவருக்கு எண்பத்தொன்று. எனக்கு அவசரமில்லை.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, பயிற்சி முடிந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது அவரே பேச்செடுத்தார்.

“டாக்டர், இது புதன்கிழமை கடைக்குப் போகுது. சிவாஜிநகர்ல ரவின்னு ஒரு ஆளு. வீட்டுக்கே வந்து எடுத்துக்கறேன்னான்.”

நான் டாக்டர் இல்லை என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் காதில் வாங்கியதில்லை.

“நல்லாத்தானே சார் ஓடுது?”

“ஓடுறதுக்கு என்ன? மூஞ்சியப் பாருங்க, துருப்பிடிச்ச தகரமாட்டம். பாக்கவே பேஜாரா இருக்கு. புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சு நம்பர் எழுதித் தரேன்னான்.”

நான் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். அது அழுக்கு இல்லை, வெயில் கொடுத்த நிறம், ஒரு தடவை சுரண்டிவிட்டால் போனது போனதுதான் என்றேன்.

அவர் சிரித்தார். “ஒருத்தருக்குக் குடுக்கணும் டாக்டர். அழுக்கா குடுத்தா நல்லாருக்குமா?”

கனடாவில் இருக்கிற பேரன் டென்சிலுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதர் அறியாமல் ஒரு தவறு செய்யப் போகிறார், தடுக்க நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. கோபம் கொஞ்சமும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் ரொம்ப நாளாக ஆசைப்பட்டது தில்பசந்த். தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் உள்ளே வைத்துச் சுடுவார்களே, அது. எல்லாவற்றையும் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டியவன் நான்தான். செவ்வாய்க்கிழமை காலை பேக்கரியில் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பத்தே முக்காலுக்கு ஆஞ்சலாவை மெடிக்கலுக்கு அனுப்பி ஒரு க்ரேப் பேண்டேஜ் வாங்கிவரச் சொன்னேன். தேவைப்படவில்லை, ஆனாலும் வீட்டில் ஒன்று இருப்பது நல்லது.

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தேன். தில்பசந்தைப் பெரிதாகவே பிய்த்தேன். அவர் முகம் மலர்ந்தது; கூட்டிச் சொல்லவில்லை.

“ஆஞ்சலாகிட்ட சொல்லிடாதீங்க,” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இரண்டாவது துண்டு இறங்கவில்லை.

இந்த மாதிரி அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். முன்னால் குனிய வைத்து முதுகில் ஓங்கித் தட்ட வேண்டும். அது போதவில்லையென்றால் பின்னாலிருந்து அணைத்து வயிற்றை மேல்நோக்கி அழுத்த வேண்டும். சின்னக் குழந்தைகளின் அம்மாக்களுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு நான் எதுவும் செய்யவில்லை. அவருடைய வலது கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. எனக்கு இடது கைதான் கவலை. உடம்பு துள்ளியதில் அது நாற்காலியின் இரும்பில் மோதிக் கண்ணாடி உடைந்துவிடும் போலிருந்தது. மணிக்கட்டை இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன். விநாடி முள் நான்கு சுற்றுக்கு மேல் போயிற்று. இத்தனை வருஷமாகியும் அது ஓரிடத்திலும் தயங்கவில்லை.

மிச்சத்தைக் காகிதத்தோடு ஆஞ்சலாவின் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் விசாரித்தபோது, அவள் வெளியே போவதற்கு முன்னால் ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள், நான் கை கழுவிவிட்டு வந்தபோது மூச்சில்லை என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, “நான் குடுக்கல அண்ணா, உங்களுக்குத் தெரியுமே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இப்போது வாரா வாரம் இந்த ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். வேறு வேலை கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். வயது இருக்கிறது.

துக்க வீட்டில் உடனே போய்க் கடிகாரத்தைப் பற்றிக் கேட்பது நாகரிகம் இல்லை. முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்று காத்திருந்தேன். இன்றைக்குக் காலை பூசை. மாதா கோயில் வாசலில் அல்போன்சாவே என்னைத் தேடி வந்து ஒரு சின்னப் பெட்டியைக் கையில் வைத்தார்.

“அப்பா உங்களுக்குக் குடுக்கணும்னுதான் சொல்லிட்டிருந்தாரு. ‘என் கைய தினம் தூக்குறவருக்கு’ன்னு. நீங்க வேணாம்னுடுவீங்கன்னு முன்னாடியே சொல்லக் கூடாதுன்னாரு. அவர் ஆசைப்பட்ட மாதிரியே ரவிகிட்ட குடுத்துப் பண்ணச் சொன்னேன். ஸ்வல்ப லேட்டாயிடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.”

திறந்தேன். டயல் செருப்புக்குப் பாலிஷ் போட்டது மாதிரி கறுப்பாகப் பளபளத்தது. எண்களை வெள்ளை வெளேரென்று எழுதியிருந்தான். எட்டு கோணல்.

“பழைய பெயின்ட் என்னாச்சு?” என்று கேட்டேன்.

“சுத்தமா சொரண்டிட்டுத்தான் அடிச்சாராம். நல்லாருக்கு இல்ல?” என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். “கடைசில நீங்க பக்கத்துல இருந்தீங்க. எனக்கு அது போதும்.”

ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் கண் அந்தக் கோணல் எட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தந்தை இறந்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. ஆட்டோ பிடித்து நேராக இங்கே வந்தேன். ஆஞ்சலா கேஸ் விஷயமா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை, வேறு ஒரு புகார் என்றேன். முன்னால் நடந்ததைச் சொல்லாமல் இதன் கனம் உங்களுக்குப் புரியாது என்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

விங் கமாண்டருக்கு அந்தத் தில்பசந்தைக் கொடுத்தது நான். அவர் சாகட்டும் என்றுதான் கொடுத்தேன். பழியை ஆஞ்சலா மேல் போட்டதும் நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அவர் இன்னும் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ இருந்திருப்பார். அந்த டயல் நூறு வருஷம் இருந்திருக்கும். அதனால் முதலில் ரவி மேல் புகாரை எழுதுங்கள், சார். என்னுடையதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.