துறைமுகப் பக்கம் ஒரு புகைக்குழாய்

காபன் நார்த் தகட்டைக் கடதாசிபோல் கணக்காய் வெட்டுவித்த கைதேர்ந்த பொறுப்பாளரே, கனிவு குன்றாத கனகரத்தினம் ஐயா அவர்களே,

ஓய்வுபெறும் உங்களுக்கு மாலை சூட்டுமுன் ஒரு கையெழுத்துக் கேட்கிறேன். "ஐயாட்டை அந்தப் புகைக் கதை மட்டும் எடுக்காதை" என்று பட்டறையில் எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். எடுக்கிறேன்.

பதினொரு ஆண்டுகள் இந்தப் படகுத் துடுப்புப் பட்டறையின் தூணாய் நின்றீர்கள். லேசர்ச் சூட்டில் நார் அறுபடுமுன் பிசின் பொசுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு விளிம்பிலும் நகத்தை ஓட்டி, மயிரிழை கருகியிருந்தாலும், "இது தண்ணிக்குள்ள உரியும், திருப்பி வெட்டு" என்றீர்கள். சோதனைச் சாவடியில் எங்கள் பெட்டைகளை மறித்து வைத்த நாட்களில், குடையுமில்லாமல் மழையில் வந்து, "இவை என்ர பிள்ளையள்" என்று மீட்டுக்கொண்டு போனீர்கள். என் தகப்பன் நிலாவெளியில் கரைவலை இழுப்பவர். அதைக் கேட்டதும், "அப்ப உனக்கு வேலை பழக்கத் தேவையில்லை" என்று சொல்லி, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்துக்கு உட்கார முதல் கதிரை தந்தீர்கள்.

அந்த நன்றியோடுதான் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சண்டை திரும்பத் தொடங்கிய வருடம், துறைமுகப் பக்க யன்னல்களைத் திறக்கக் கூடாதென்று கடற்படையிடமிருந்து உத்தரவு வந்தது, ஆணியடித்தோம். பிசின் புகைக்குப் போக வழியில்லை. புகை உறிஞ்சும் மெசின் வந்தும், ஒரு வருடமாகப் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. மற்ற மூன்று சுவர்களுக்கும் பின்னால் களஞ்சியம். குழாய் துறைமுகப் பக்கச் சுவரால்தான் போக வேண்டும். அவர்களிடம் அனுமதி கேட்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்.

"பிள்ளை, சுவரிலை குழாயை நீட்டினா, அவன் அதைப் புகைக்குழாய் எண்டு நினைப்பானோ, சுடுற துவக்கு எண்டு நினைப்பானோ?" என்றீர்கள். நாங்களும் சிரித்தோம். லேசர் மெசினடியில் ஐந்து வருடம் நின்ற அசனா அக்காவும் இருமி இருமிச் சிரித்தா.

இன்று அவ ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு. புகைதான் காரணம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். "ஐயாட்டைச் சொல்லிப் போடாதை, மனுசன் உடைஞ்சு போயிடும்" என்று நேற்றும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னா.

சாவடியில் எங்களுக்காகப் பயப்படாத நீங்கள் ஒரு கடிதத்துக்குப் பயந்தீர்களே என்பதுதான் எங்கள் தீராத வருத்தம். கேளாமல் இருந்த வெட்கம் எங்களுடையது.

கடிதத்தை நானே எழுதிவிட்டேன். எந்தச் சுவர், எத்தனை அங்குலக் குழாய், என்ன புகை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அடியில் என் பெயர் உண்டு. அதற்கு மேலே உங்கள் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். மேசையில் உங்கள் முன்னால் இருப்பது அதுதான்.

மூச்சு முட்டாத முதுமையும், முற்றத்துக் காற்றும், நிறைந்த ஆயுளும் உங்களுக்கு வாய்க்கட்டும். இதை மனதாரத்தான் வாழ்த்துகிறேன்.

வாசலில் ஓட்டோ நிற்கிறது. நாலு மணிக்கு அனுமதி தரும் கடற்படைக் கந்தோர் பூட்டிவிடும். கையெழுத்து விழுந்தாலும் விழாவிட்டாலும், இந்த வரி முடிந்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். மாலையை மற்றவர்கள் போடட்டும்.

பட்டறை ஊழியர் சார்பில்,
இராசமலர்
திருகோணமலை, 31 சனவரி 2008