ரோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் வறட்சி

இல்ல மோட்டார்காரரே, நீங்க பாட்டுக்கு அந்தக் காயிலைச் சுத்துங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு இருக்கேன். காது சும்மாதான இருக்கு? எங்க விட்டேன்... ஆங், மழை அளக்குற கருவி!

அதை எங்க வெச்சிருக்காங்க தெரியுமா? ரோட்டுக்கு எங்க பக்கம் இருக்குற தாலுகா ஆபீஸ் மொட்டை மாடில. ஊரெல்லாம் பொட்டுத் தண்ணி இல்ல. ஏதோ ஒரு மேகம் வழி தவறி வந்து அந்த மாடி மேல மட்டும் கொட்டிட்டுப் போயிருக்கு. அவ்ளோதான், ரோட்டுக்கு என் பக்கம் முழுக்க நல்ல மழைன்னு எழுதிட்டாங்க. உங்க பக்கம் வேற ஆபீஸ், வேற கருவி, அதனால வறட்சி. உங்களுக்கு நிவாரண தானியம், வெயில் தாங்குற விதை எல்லாம் உண்டு. எனக்குக் கையை விரிச்சுட்டாங்க. ஏங்க, வெயிலு என்ன ரோட்டைப் பார்த்ததும் நின்னுடுமா?

சிரிக்காதீங்க. விதைக்கு வெச்சிருந்த சோளத்தையே உலையில போட்டேன். அப்பதான் நீங்க உங்க நிவாரண தானியத்துல ஒரு மூட்டையைத் தூக்கிட்டு வந்து, மாடு தின்ன மாட்டேங்குது, இங்க கெடக்கட்டும்னீங்க. ஐயா, உங்க வீட்ல மாடே கிடையாதே!

சரி சரி, ஸ்பேனர் கீழ விழுந்துருச்சு, எடுங்க.

அந்த ஆபீஸ் கிளார்க் இருக்கானே, சரியான குசும்பன். எதிர்ப்பக்கத்து ரேஷன் கார்டுல உங்க பேரு ஏறினா விதை கிடைக்கும்மா, அங்க யாரையாவது கட்டிக்கோங்கன்னான். வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். ஆனா திரும்பி வர்ற வழியெல்லாம் அதே யோசனை. எங்க வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, பிள்ளைங்களும் அது அது வழியைப் பார்த்துப் போயிருச்சு. உங்க வீட்லயும் அதே கதைதான். விதைக்காகத்தான்னு சொல்லிட்டா கேக்க வெக்கமா இருக்காதுல்ல?

இன்னிக்குச் சொல்லியே தீரணும்னு தலையை வாரிட்டுக் கிளம்புறேன், வாசல்ல அதே கிளார்க் நிக்கிறான். உங்க பக்கமும் வறட்சின்னு அறிவிச்சாச்சும்மா, வந்து விதை வாங்கிக்கோங்கங்கறான்!

சந்தோஷமா? எரிச்சல்தான் வந்துச்சு. இத்தனை மாசமா இல்லாத அக்கறை இன்னிக்குத்தான் வரணுமா?

ஆமாங்க, போய் வாங்கியும் வெச்சுட்டேன். நல்ல விதை. இனிமே உங்ககிட்ட வந்து கேக்க எனக்கு ஒரு சாக்கும் இல்ல. சாக்கு இல்லாமத்தான் கேக்குறேன், என்னைக் கட்டிக்கிறீங்களா?