முயல் ஓட்டுற படகு

இல்ல டொரத்திக்கா, கேட்டத் தொறக்க வேணாம். நான் இங்கயே நின்னு சொல்லிட்டுப் போயிடுறேன். ஆமாக்கா, மாதவிதான். வாட்ஸாப் குரூப்புல ஷாமினி அம்மா, ஷாமினி அம்மான்னு கூப்பிடுவாங்களே, அது நான்தான். நேர்ல பாத்ததில்ல, ஆனா பாருங்க, வாயத் தொறந்ததும் குரல வச்சுக் கண்டுபிடிச்சிட்டீங்க.

பண்டமாரான்லேர்ந்து வரேன்க்கா. கிள்ளான்ல கொமுட்டர் ரயிலு ஏறி, சென்ட்ரல்ல எறங்கி, அங்கேருந்து நடந்தே வந்துட்டேன். பிரிக்பீல்ட்ஸ்ல இதுக்கு முன்னாடி ரெண்டே தடவதான் வந்திருக்கேன், ரெண்டும் சேலை எடுக்க. அட்ரஸா? நம்ம குரூப்பு லோகேஸ்வரி அக்காகிட்ட கேட்டேன். அவங்கள ஏசாதீங்க, நான்தான் கெஞ்சி வாங்குனேன். எந்த பிளாக்குன்னு தெரியாம கீழ கார்டு அங்கிளக் கேட்டு ஏறி வந்தேன்.

நீங்க குரூப்ப விட்டுப் போனது என்னாலதானே. அதான் வந்தேன். ஃபோன்ல சொன்னா ஒளிஞ்சிக்கிட்டு சொல்ற மாதிரி இருக்கும்.

ஐயோ, தொறந்துட்டீங்களா. சரிக்கா. செருப்ப இங்க விடட்டுமா? கொஞ்சம் கறிபாப் வாங்கிட்டு வந்தேன், ஸ்டேசன் கிட்ட வித்தாங்க, சூடு ஆறிப் போயிருக்கும். பசியாறிட்டேன்க்கா, காப்பியெல்லாம் வேணாம், பச்சத் தண்ணி போதும். புள்ள கேரன் எங்க? தூங்குதா? சரி சரி, நான் மெதுவாப் பேசுறேன். நீங்க தையல நிறுத்தாதீங்க, தச்சுக்கிட்டே கேளுங்க. நீங்க என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு பேச்சு வராது.

நான் அந்தக் குரூப்புக்குள்ள வந்ததே தப்புக்கா. அது எங்க வீட்டுக்காரரோட கூட்டாளிங்க குரூப்பு. அவருக்கு ஜப்பான் கார்ட்டூன், அந்த அனிமேன்னா உசுரு. தெலுக் பங்லிமா காராங்ல ஃபேக்டரி வேலை, ஷிப்டு முடிஞ்சு வந்து சோத்துத் தட்டோட ஃபோன சாச்சு வச்சிக்கிட்டு உக்காந்துடுவாரு. பரமேஸ்வரா, சோத்தப் பாத்து தின்னுன்னு எங்க மாமியா கத்துவாங்க. நீயும் வீட்ல சும்மா தான இருக்க, சேந்துக்கன்னு அவருதான் என்னைய அதுல போட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா கேட்டுக்கிட்டு இருக்க நல்லா இருக்கும்க்கா. சுகுமாறன் அண்ணன் இருக்காரே, வாள் சண்டையத் தவிர வேற எதையும் கதைன்னே ஒத்துக்க மாட்டாரு. லோகன் ரோபோ கட்சி. கையில கத்தி இல்லன்னா நீ மனுசனையே பாக்க மாட்டியாடான்னு அவன் கேப்பான். உன் ரோபோவத் தூக்கி பழைய இரும்புக் கடையில போடுடான்னு இவரு. சமைச்சிக்கிட்டே கேட்டு நான் தனியா சிரிப்பேன். பகல்ல வீட்ல எனக்குப் பேச்சுத்தொணை அதுதான்.

அப்பதான் நீங்க வந்து கேட்டீங்க. ஞாபகம் இருக்காக்கா? எம்பொண்ணுக்கு அஞ்சு வயசு, நான் மெஷின்ல உக்காந்தா ஒரு மணி நேரம் அவ அமைதியா இருக்கணும், சின்னப் புள்ளைக்கு ஏத்ததா ஒண்ணு சொல்லுங்கன்னு. அவ்வளவுதான், சண்டை ஆரம்பிச்சிருச்சு. ரத்தம் கம்மியா உள்ளது ஒண்ணு இருக்கு ஆன்டின்னு சுகுமாறன் அண்ணன் சொல்ல, கம்மின்னா எவ்வளவு, ஒரு கிளாஸா ரெண்டு கிளாஸான்னு லோகேஸ்வரி அக்கா கேக்க. புள்ளைங்களுக்கு அனிமேவே காட்டக் கூடாது, அது பெரியவங்க சமாசாரம்னு லோகன். அப்ப நீ எந்த வயசுல பாத்தேன்னு அவர் கேட்டாரு. ஏழுன்னான். அதான் இப்படி இருக்கன்னாரு.

சிரிக்கிறீங்களாக்கா? சிரிங்க. நீங்க சிரிச்சா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கு.

அந்த நேரத்துல நான் பேசாம இருந்திருக்கணும். அதுவரைக்கும் நான் ரெண்டு வார்த்தைக்கு மேல அங்க பேசுனதில்ல. என்னமோ தோணிச்சு. எல்லாரும் அடிச்சிக்கிறாங்களே, நம்ம வீட்ல நாம தெனமும் பாக்குறது ஒண்ணு இருக்கேன்னு. வோய்ஸ் மெசேஜ்ல சொன்னேன். அந்தப் படகுக் கதை. ஒரு ஏரி, ஒரு முயலு தொப்பி போட்டுக்கிட்டு துடுப்புப் போடும். ஒவ்வொரு நாளைக்கும் ஒருத்தர் வந்து ஏறுவாங்க. கரையில ஒரு சின்னப் பொண்ணு நின்னு கை ஆட்டும். அந்தக் கரையில வெளக்கு வெளக்கா எரியும். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, யாரும் யாரையும் அடிக்க மாட்டாங்கன்னு சொன்னேன்.

எங்க போறாங்கன்னு நீங்க கேட்டீங்க. ஷாமினிகிட்ட நான் சொல்ற மாதிரியே உங்களுக்கும் சொன்னேன். போர்ட் கிள்ளான்லேர்ந்து பூலாவ் கெத்தாமுக்கு ஃபெரி போகுதில்ல, அந்த மாதிரி அக்கரையில ஒரு ஊரு, அங்க கல்யாணம், எல்லாரும் நண்டு சாப்பிடப் போறாங்கன்னு. ஒரு தாத்தா கைக்கடிகாரத்தக் கழட்டி அந்தப் பொண்ணு கையில குடுப்பாரு. அது மொய்க்குன்னேன். ஒரு அம்மா அழுதுக்கிட்டே ஏறுவாங்க. அது ஏம்மா அழுவுதுன்னு ஷாமினி கேட்டா. கல்யாண வீட்டுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டு வருதும்மான்னேன்.

மூணு நிமிசம் பேசுனேன். சுகுமாறன் அண்ணன் ஒடனே, ஷாமினி அம்மா சொல்றதக் கேளுங்க, நம்ம எல்லார விடவும் உருப்படியாப் பாக்குறவங்க அவங்கதான்னாரு. லோகன்கூட ஒத்துக்கிட்டான். எங்க வீட்டுக்காரரு வேலை எடத்துலேர்ந்து ஃபோன் பண்ணி, பரவால்லயே மாதவின்னாரு. வெக்கத்த விட்டு சொல்றேன்க்கா, சுகுமாறன் அண்ணன் பேசுன அந்த வோய்ஸ அன்னைக்கு பத்து தடவ போட்டுக் கேட்டேன். என்னையப் பத்தி அப்படி யாரும் சொன்னதில்ல.

அதுக்கப்புறம் மூணு நாள் கழிச்சு நீங்க பேசுனீங்க. கோவமா கூடப் பேசல. மாதவி, நீங்க சொன்னது கல்யாணப் படகு இல்லம்மா, அதுல போறவங்க எல்லாம் செத்தவங்க, நான் ஜப்பான் பாஷைக்குப் பதிலா இங்கிலீஷ் பேசுறதப் போட்டு விட்டேன், கேரன் எல்லாத்தையும் கேட்டுட்டா, அழுவுறான்னு சொன்னீங்க.

நான் என்ன செஞ்சிருக்கணும்? ஐயோ அக்கா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லலக்கா. நீங்க ரெண்டாவது சீசனப் போட்டுட்டீங்க, அது பெரியவங்களுக்கு எடுத்தது, மொத சீசன்தான் புள்ளைங்களுதுன்னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு. அதுல ரெண்டாவது சீசன்னு ஒண்ணு இருக்கான்னே எனக்குத் தெரியாது. ஆனா அவங்க எல்லாரும் நம்புனாங்க. ஆன்டி, சீசன் பாத்துப் போடத் தெரியலன்னா துணியோட நிறுத்திக்கங்கன்னு சுகுமாறன் அண்ணன் சொன்னாரு. நாலு பேரு சிரிச்சு அனுப்புனாங்க. புள்ளைய ஃபோன்கிட்ட விட்டுட்டு அப்புறம் குத்தம் சொல்றதான்னு யாரோ ஒரு பொம்பள கேட்டுச்சு.

நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை உங்களுக்காகப் பேசல. அன்னைக்கு நான் செஞ்ச கொழம்புல உப்பு போட மறந்துட்டேன். அவரு அப்படியே தின்னுட்டு எழுந்து போனாரு. அதுவே எனக்கு அடிச்ச மாதிரி இருந்துச்சு.

இல்லக்கா, சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில கொமுட்டர்ல வரும்போது குரூப்புல சொல்லிட்டேன். நாலு தடவ பேசி நாலு தடவ அழிச்சேன், சுபாங் ஜெயா தாண்டித்தான் அனுப்புனேன். டொரத்தி அக்கா சரியானதத்தான் போட்டாங்க, நான்தான் பொய் சொன்னேன், அந்தக் கல்யாணம், நண்டு, வெங்காயம் எல்லாம் நானா கட்டுனது, அவங்ககிட்ட எல்லாரும் மன்னிப்புக் கேளுங்கன்னு. பக்கத்துல ஒரு மலாய்க்காரம்மா நான் அழுவுறதப் பாத்து டிஸ்ஸு எடுத்துக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கட்டுக்கதை சொல்ல வேண்டிய அவசியம் என்னன்னு சுகுமாறன் அண்ணன் கேக்குறாரு. சத்தத்த அடைச்சு வச்சிட்டேன்.

ஓ, எழுந்துருச்சா? வாடா கேரன். ஆன்டிதான்டா, ஷாமினி அம்மா. எவ்வளவு அழகா இருக்க நீ. ம்? இல்லடா செல்லம், ஆன்டி போர்ட் கிள்ளான் பக்கந்தான், ஆனா படகுல வரல. ரயில்லதான் வந்தேன். இல்லடா. படகுல யாரையும் பாக்கலடா, நான் அந்தப் பக்கம் போகவே இல்ல. கறிபாப் சாப்பிடுறியா? சரி, அம்மாகிட்டயே குடுக்குறேன், அப்புறமா சாப்பிடு. போய்ப் படுத்துக்கடா.

அக்கா, நீங்க அழுவாதீங்க. நான் போயிடட்டுமா?

ஆமாக்கா. அந்தச் சிரிச்ச மூஞ்சி நான்தான் அனுப்புனேன். அதான் கேப்பீங்கன்னு வர்ற வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே வந்தேன். நீங்க குரூப்ப விட்டுட்டு, எனக்குத் தனியா அவ்வளவு நீளமா இங்கிலீஷ்ல எழுதி அனுப்புனீங்க, நான் கட்டை வெரலையும் ஒரு சிரிச்ச மூஞ்சியையும் போட்டு விட்டேன். பாத்ததும் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும். நான் கல்லு மனசுக்காரி இல்லக்கா. எனக்கு வாசிக்கத் தெரியாது.

தமிழ் எழுத்துக் கூட்டி கொஞ்சம் வாசிப்பேன், ஒரு வரிக்கு ரொம்ப நேரமாவும். இங்கிலீஷ் சுத்தமாத் தெரியாது. பந்திங் பக்கம் எஸ்டேட்டுலதான் நாங்க இருந்தோம், எனக்குப் பொறப்பு சூராட், அதான் பொறந்த சர்டிபிகேட்டு, எடுக்காம விட்டுட்டாங்க, மூணாவதுக்கு மேல பள்ளிக்கூடத்துல வச்சுக்கல. படத்துக்குக் கீழ ஓடுற எழுத்து எனக்கு எறும்பு ஓடுற மாதிரிதான். ஷாமினி மடியில உக்காந்துக்கிட்டு இப்ப என்னம்மா சொல்றாங்கன்னு கேப்பா. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. மூஞ்சியப் பாத்து நானா சொல்லுவேன். யாரு என்ன எழுதி அனுப்புனாலும் ஒரு சிரிச்ச மூஞ்சிய அனுப்பிடுவேன். அது எதுக்கும் தப்பாப் போகாதுன்னு நெனச்சேன்க்கா.

எங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தெரியும், இவ்வளவுன்னு தெரியாது.

நீங்க ஏசித்தான் எழுதியிருப்பீங்கன்னு, அந்த மூஞ்சியப் போட்டப்புறம் நான் அதத் திரும்பத் தொறக்கவே இல்ல. நேத்து ஷாமினி ஃபோன வச்சு வெளையாடுனவ தொறந்துட்டா. அவளுக்கு ஆறு வயசு, டடிக்காவுல, அதான் பாலர் பள்ளியில, இப்பதான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் குடுக்குறாங்க. பிஸ்கட் பாக்கெட்டு, ஷாம்பு பாட்டலு, கண்ணுல பட்டதெல்லாம் வாசிப்பா. வெரல வச்சு வச்சுத் தேடுனா. அம்மா, இது அப்பாம்மா, எனக்குத் தெரியும்னா. கொஞ்சம் கீழ போயி, இது படகும்மான்னா. அப்புறம் ரொம்ப நேரம் கூட்டிப் பாத்துட்டு, செத்துட்டாங்கன்னு ஒண்ணு இருக்குன்னா. அவங்க டீச்சர் வளத்த மீனு செத்தப்ப போர்டுல எழுதிப் போட்டாங்களாம், அதனால தெரிஞ்சிருக்கு. மிச்சமெல்லாம் பெருசு பெருசா இருக்கும்மா, நீயே வாசின்னு ஃபோன என் கையில குடுத்துட்டு ஓடிட்டா.

குரூப்புல யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுக்கா, கேரனுக்கு அப்பா இல்லன்னு. இங்க உள்ள வந்ததும் செவுத்துல அவரு ஃபோட்டோவுக்கு முன்னாடி பல்பு எரியறதப் பாத்தேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலைய நிமுத்தல.

அந்த மூணு வார்த்தைதான் எனக்குத் தெரியும். அத வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். வேற யாருகிட்டயும் குடுத்து வாசிக்கச் சொல்லல, எங்க வீட்டுக்காரருகிட்டக்கூடக் காட்டல. உங்க வீட்டு விசயம். இந்தாங்கக்கா ஃபோனு. தொறந்து வச்சிருக்கேன், பாருங்க. நீங்க எழுதுனத நீங்களே வாசிச்சு, தமிழ்ல சொல்லுங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க. ஏசுனதயும் விடாமச் சொல்லுங்க.