கார்னிவல் அன்று குழாயில் காற்று வந்த கதை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், எங்கள் தண்ணீர்ச் சங்கத் தலைவி தோன்யா செனோபியா அவர்களே! நம் பொலிவியாவில், கோச்சபம்பா நகரின் குன்றெல்லாம் குழாய் பதித்த பெரியோர்களே! கைக்குழந்தையும் கையுமாய்க் கூடியிருக்கும் தாய்மார்களே! கட்டற்ற மென்பொருளைக் கட்டிக்காக்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ரெமெடியோஸின் அன்பு வணக்கம்!

"திறந்த மூல இயங்குதளம் எவ்வளவு பாதுகாப்பானது?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. இதைப் பேச என்னைவிடத் தகுதியானவள் யார்? திறந்து போட்டுத் திருடனை வரவேற்றவளே நான்தானே!

என்ன சிரிப்பு? மூன்றாம் வரிசை ஐயா, உங்கள் கணினியைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? பாருங்கள், அடங்கிவிட்டார்!

நான்காண்டுகளுக்கு முன், சங்கத்தின் பம்பை இயக்கும் கணினியில் லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளத்தைப் போட்டேன். "இதுல வைரஸே வராது தோன்யா, உலகமே படிச்சுப் பார்த்த நிரல்!" என்று மார்தட்டினேன். அதன்பின் அதைத் தொடவே இல்லை.

வந்தது இந்த ஆண்டுக் கார்னிவல் ஞாயிறு. ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைக்கும் நாள். குழாயைத் திறந்தால் காற்று! முந்நூறு வீட்டில் ஒரு சொட்டு இல்லை. எவனோ முகமறியாதவன் உள்ளே புகுந்து, எங்கள் கணினியைக் குப்பை மடல் அனுப்பும் கூலியாக்கியிருந்தான். பாரம் தாங்காமல் கணினி திணற, பம்பும் படுத்துவிட்டது.

தலைவி மூச்சிரைக்க வந்தார். "ஏண்டி ரெமெடியோஸ், வைரஸ் வராதுன்ன. இப்ப தண்ணியும் வரலையேடி!"

பம்பைக் கையால் முடுக்கிவிட்டு, வேதியியல் ஆசிரியர் வில்பரை அழைத்தேன்; நிரல் படிப்பது அவர் பொழுதுபோக்கு.

"அக்கா, பாஸ்வேர்டு என்ன வச்சிருந்தீங்க?"

"தண்ணீர்னு."

"பின்னாடி ரெண்டு நம்பராவது?"

"நம்பர் மறந்துபோயிடுமே!"

தலையில் அடித்துக்கொண்டார். "அது போகட்டும். அவன் புகுந்த லினக்ஸ் ஓட்டையை, அதை எழுதுறவங்க அடைச்சே ரெண்டு வருஷமாச்சு. அடைப்பு சும்மா கிடைக்குது. நீங்கதான் எடுத்துப் போடலை."

வெட்கத்தில் வியர்த்தேன், தோழர்களே!

சங்கம் கூடியது. "மூடின பெட்டியா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார் சங்கத்தின் மூத்த உறுப்பினர் தொன் அனக்லேத்தோ. "அதுலயும் ஓட்டை இருக்கும், தொன். நம்மளைப் பார்க்க விடமாட்டாங்க, அவ்வளவுதான்" என்றார் வில்பர். நிரலை நாங்களே படித்துப் பார்க்க ஒரு மாதம் தவணை கேட்டோம்.

சனிக்கிழமை தோறும் பிற்பகலில், லினக்ஸின் மேல் ஓடி பம்பை இயக்கும் சின்ன நிரலை வரிவரியாகப் படித்தோம்; அதுவும் திறந்த நிரல்தான். நான்காம் சனிக்கிழமை என் விரல் ஒரு வரியில் நின்றது. கடவுச்சொல்லை வெறுமையாக விட்டாலே உள்ளே விட்டது அந்த வரி! எட்டாண்டுகள் எல்லார் கண்முன்னும் கிடந்தது. அடுத்தவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தோம்.

எழுதிப் போட்டேன். மூன்றே நாளில், உருகுவாயில் இருக்கும், அந்த நிரலை எழுதிய அம்மையார் திருத்தம் வெளியிட்டார். கண்டுபிடித்தவர் என்று என் பெயரையும் போட்டார். திருத்தத்தை எடுத்துப் போட்ட ஊர்களெல்லாம் அன்றே தப்பின. மூடின பெட்டி வேண்டாமென்று சங்கம் முடிவு செய்ய, எங்கள் லினக்ஸும் தப்பியது!

திறந்திருப்பதால் பாதுகாப்பா? இல்லை! மூடியிருப்பதால் பாதுகாப்பா? அதுவும் இல்லை! பார்த்தால் பாதுகாப்பு! பழுது கண்டால் சொல்வது பாதுகாப்பு! திருத்தம் வந்த அன்றே போடுவது பாதுகாப்பு! திறந்த நிரல் தருவது கோட்டையை அல்ல, தோழர்களே. உள்ளே போய்ப் பார்க்கும் உரிமையை!

வரும் சனிக்கிழமை சங்கக் கட்டடத்தில் நாற்பது நாற்காலி போடுகிறேன். நிரல் படிக்கத் தெரியாதென்று தயங்காதீர்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வாருங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்!